பதினொரு படி

அறுபத்தொரு சண்டை.
ஐம்பத்தெட்டுத் தோல்வி, இரண்டு சமன்.
மிச்சம் ஒண்டை
இந்த வீட்டிலை ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

குருநகரிலை எங்கடை வீட்டைக் கேட்டால்
ஐஸ் பெக்டரிச் சந்தியிலேயே கையை நீட்டுவினம்,
"குத்துச்சண்டைக்காரன் வீடோ?"
வந்த ஆக்கள் சுவரைச் சுவரைப் பார்ப்பினம்,
கப் எங்கை, மெடல் எங்கை எண்டு.
சுவர்தான் கப். நான் சொல்லிறேல்லை.
லெஸ்ரரிலை ஒரு வெள்ளைப் பெடியன்
இவரின்ரை விலாவிலை இறக்கின அடிதான்
குசினிக்குப் போட்ட மாபிள்.

புரமோட்டர் முதல் நாள் கேட்டவனாம்,
"யாழ்ப்பாணமோ? அப்ப புலி எண்டு பேர் போடட்டோ?"
இவர் கையெடுத்துக் கும்பிடாத குறை.
"வேண்டாம் ஐயா, ஊரிலை எனக்கு ஆக்கள் இருக்கினம்."
நோட்டீசிலை வந்தது: சிலோன் நீக்கிலாஸ்.
சனம் கத்தினது: தேத்தண்ணி! தேத்தண்ணி!

தோல் எண்டு ஒருத்தரும் சொல்லிறேல்லையாம்.
டிக்கெட் வித்தது மற்றப் பெடியன்.
அவன்ரை தாய் தகப்பன், வேலைத்தலத்து ஆக்கள்,
முந்நூறு பேர் அவனுக்கெண்டு வந்திருப்பினம்.
வெண்டால் பிறகு போன் வராது,
அவ்வளவுதான்.
விழவும் கூடாது.
விழுந்தால் டொக்டர் ஒரு மாதம் மறிச்சுப்போடுவார்.
ஒரு மாதம் எண்டால் இரண்டு சண்டை,
இரண்டு சண்டை எண்டால் முன்பக்கத்து யன்னல் முழுக்க.
ஆனபடியால்
நிண்டுகொண்டே தோற்க வேணும்.
மூக்கைக் குடுத்துக் கண்ணைக் காப்பாத்த வேணும்.
மற்றவன்ரை கையை ரெஃப்ரி உயர்த்தேக்கை
பக்கத்திலை நிண்டு சிரிக்க வேணும்.
திங்கள் காலமை வீங்கின முகத்தோடை
பெற்றோல் செட்டிலை சில்லறை எண்ண வேணும்.

ஞாயிறு பூசை முடிய போன் வரும்.
"எப்பிடி?"
"வழமைபோல."
எனக்கு நிம்மதி.
செவ்வாய்க்கிழமை உண்டியல்காரன் வருவான்.

பாதை பூட்டின வருசம்.
வெள்ளி பின்னேரம் மாமியைச் சேமக்காலையிலை வைச்சம்.
சனி விடியத்தான் இவருக்கு லைன் கிடைச்சது.
"வரவேண்டாம், வந்தாலும் வழியில்லை" எண்டன்.
"ம்" எண்டவர்.
அண்டிரவு மூண்டாம் ரவுண்டிலை
பெடியன் கையை ஒருக்கால் இறக்கினவனாம்.

"ஏன் அடிச்சனீங்கள்?"
"தெரியேல்லை. கை போச்சுது."

முந்நூறு பேரிலை ஒரு சத்தமில்லை.
பெடியன்ரை தாய் மட்டும் எழும்பி நிண்டவவாம்.
அதைத்தான் இவர் இண்டைக்கும் சொல்லுவார்,
வெண்டதைச் சொல்லமாட்டார்.

ஏழு மாதம் ஒரு போனும் இல்லை.
அதுக்குள்ளை இங்கை சீமெந்து
காசிருக்கிறவனுக்கும் கிடையாமல் போச்சுது.
மேல்வீட்டுக்கு ஏறின படி
பதினொராவதோடை நிண்டுது.
பிறகும் தோற்றார், நிறையத் தோற்றார்,
அந்தக் காசு பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்துக்குப் போச்சுது.
கம்பியள் துருவேறி ஆகாயத்தைப் பார்க்குதுகள்.
நான் அதிலை உடுப்புக் காயவிடுறன்.

இப்ப இவருக்கு இடது காது இல்லை.
ஐஸ் பெக்டரியிலை துண்டு எழுதிறார்,
எழுத்து கொஞ்சம் ஆடும்.
"அண்ணை, எத்தினை வெண்டனீங்கள்?" எண்டு
மீன்பெட்டி தூக்கிற பெடியள் கேட்டால்
கேளாத பக்கத்தைத் திருப்புவார்.

நேற்று மேசன் பவிலுப்பிள்ளை வந்து அளந்தவர்.
"அக்கா, உந்தப் படியை இடிச்சால்
ஒரு சின்ன அறை எடுக்கலாம்."
சரி எண்டன்.
இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

பொழுதுபட வந்து பார்க்கிறன்,
பதினொராம் படியிலை
கடலுக்கு முகம், காலைத் தொங்கவிட்டபடி,
கையிலை ஆறின தேத்தண்ணி.
இறங்கி வாங்கோ எண்டு
இரண்டுதரம் கூப்பிட்டன்.
பிறகுதான் விளங்கினது
நான் நிண்டது இடப்பக்கம்.

மற்றப் பக்கம் போய்க் கூப்பிடேல்லை.